வட்டில்லா வேர்ட்ஸ்டார்: பழைய மென்பொருள் மீட்பு குறித்த ஒரு விமர்சனம்

2024 ஆகஸ்டில் கனடாவைச் சேர்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் ஒரு கோப்புத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். உள்ளே இருந்தது வேர்ட்ஸ்டார் 7.0. டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட சொற்செயலி அது. அதன் கடைசித் திருத்தப் பதிப்பு 1992 டிசம்பரில் வந்தது. பிளாப்பி வட்டுகளில் விற்கப்பட்ட அந்த மென்பொருளை இன்று வட்டும் இல்லாமல், வட்டைப் படிக்கும் கருவியும் இல்லாமல், விண்டோஸ் 11 கணினியில் சில நிமிடங்களில் இயக்கிவிட முடிகிறது.

இது பாராட்டத் தக்க காரியம். ஆனால் ‘இயங்குகிறது’ என்ற சொல் இங்கே எதை உறுதிசெய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நிரல் இயங்குவது வேறு. அந்த நிரலைக் கொண்டு எழுதப்பட்டவை வாசிக்கக் கிடைப்பது வேறு. பழைய மென்பொருள் மீட்பில் ஈடுபடுவோரில் பலர் முதலாவது கைகூடியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். சாயரின் தொகுப்பு அதையும் தாண்டிச் சில அடி செல்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தால், இந்தத் துறையே இன்று எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.

எழுதுகருவியாக வேர்ட்ஸ்டார்

வேர்ட்ஸ்டார் 1978இல் மைக்ரோப்ரோ நிறுவனத்திடமிருந்து வெளிவந்தது. நிறுவனர் சீமோர் ரூபின்ஸ்டைன். நிரலை எழுதியவர் ராப் பார்னபி. முதலில் சிபி/எம் இயங்குதளத்தில் ஓடியது, 1982இல் ஐபிஎம் பிசிக்கு வந்தது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இந்தியாவில் கணினி கற்றவர்களுக்கு இதன் பெயர் நன்றாகத் தெரியும். பயிற்சி மையங்களின் பாடத்திட்டம் என்பதே பெரும்பாலும் வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ் என்ற மூன்றும்தான்.

அன்றைய விசைப்பலகைகள் எல்லாவற்றிலும் அம்புக்குறி விசைகள் இருக்கவில்லை. ஆகவே பார்னபி எழுத்து விசைகளையே அம்புகளாக்கினார். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ‘இ’ என்றால் மேலே, ‘எக்ஸ்’ என்றால் கீழே, ‘எஸ்’ என்றால் இடது, ‘டி’ என்றால் வலது. இந்த நான்கும் விசைப்பலகையில் ஒரு வைர வடிவில் அமைந்திருக்கின்றன. வைரத்துக்கு வெளியே இரு பக்கமும் உள்ள ‘ஏ’யும் ‘எஃப்’பும் ஒவ்வொரு சொல்லாகத் தாவும். கை எழுத்து வரிசையை விட்டு நகர வேண்டியதில்லை. இதை மனப்பாடம் செய்வது கடினம் என்று அப்போதே குறை சொன்னார்கள். ஆனால் விரல்கள் பழகிவிட்ட பின் மனம் அதை நினைப்பதே இல்லை. தட்டச்சு பயின்றவர்களுக்கு இது புரியும்.

இதைவிட முக்கியமானது, பத்தியைக் குறிக்கும் முறை. இன்றைய சொற்செயலியில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறிடத்தில் சொடுக்கினால் தேர்வு கலைந்துவிடும். வேர்ட்ஸ்டாரில் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி. அதன்பின் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வேறு எதையாவது எழுதலாம், அரைமணி நேரம் கழித்து அந்தப் பத்தியை இருக்கும் இடத்துக்கு வரவழைக்கலாம். குறி அப்படியே இருக்கும். சாயர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டார். தாளில் எழுதுகிறவர் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார், பக்கத்தைப் புரட்டுவார், திரும்ப வருவார். பிற சொற்செயலிகள் தட்டச்சுப் பொறியைப் போலிருக்க, வேர்ட்ஸ்டார் கையெழுத்துத் தாளைப் போலிருக்கிறது என்பது அவருடைய வாதம். இந்த ஒப்பீடு எனக்கு ஏற்புடையது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இணையத் தொடர்பற்ற டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டு எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியில் சொன்னபோது அரங்கு சிரித்தது. அது வெறும் பழமைப் பற்று அல்ல என்பதற்குச் சாயரின் கட்டுரையே விளக்கம்.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தம் ‘2010: ஒடிசி டூ’ நாவலை (1982) ஆர்க்கைவ்ஸ் த்ரீ என்ற கணினியில் வேர்ட்ஸ்டாரில் எழுதினார். நாவல் முழுதும் ஒரே ஒரு ஐந்தங்குல வட்டில் நியூயார்க்குக்குச் சென்றது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செயற்கைக்கோள் நிலையம் வழியே போயின. நாவலின் பின்குறிப்பிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஓர் எழுத்தாளர் தம் கருவியின் பெயரை நூலில் எழுதி வைப்பது அரிது. அந்தக் குறிப்பின் மதிப்பு பின்னால் தெரியவரும்.

ஏன் எமுலேட்டர் தேவைப்படுகிறது

விசிகால்க் என்ற முதல் விரிதாள் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் பிரிக்லின், 1981இல் ஐபிஎம் பிசிக்காக வந்த அதன் மூல நிரலை உரிமையாளரின் அனுமதியோடு தம் இணையதளத்தில் வைத்திருக்கிறார். அளவு 27,520 பைட்டுகள். இன்று ஒரு வாட்ஸ்அப் படம்கூட இதைவிடப் பெரியது. அந்த நிரல் எந்த மாற்றமும் இல்லாமல் பிற்கால விண்டோஸ்களிலும் ஓடியது. காரணம், 32-பிட் விண்டோஸுக்குள் டாஸ் நிரல்களுக்கென ஒரு தனி அறை ஒதுக்கப்பட்டிருந்தது. 64-பிட் விண்டோஸில் அந்த அறை இல்லை. விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே இன்றைய கணினியில் இத்தகைய நிரலைச் சொடுக்கினால், இது உங்கள் கணினியில் இயங்காது என்ற செய்திதான் வரும்.

இந்த இடைவெளியை நிரப்புவதே எமுலேட்டர். பழைய கணினியின் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் மென்பொருளாலேயே பாவனை செய்து, உள்ளே ஓடும் நிரலை அது 1990இல் இருப்பதாக நம்பவைக்கிறது. டாஸ்பாக்ஸ் இவற்றில் மிகவும் அறியப்பட்டது, 2002இல் வந்தது. வட்டு இல்லாத சிக்கலையும் இதுவே தீர்க்கிறது. வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்து வைத்தால், அதை எமுலேட்டர் உண்மையான வட்டாகவே எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் ஒருமுறை நகலெடுத்தால் போதும்.

ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது. அலுவலக மென்பொருளுக்கு அதை நம்ப வேண்டாம் என்பதே அதை உருவாக்கியவர்களின் நிலைப்பாடாக இருந்தது. அச்சிடுதல், கோப்புகளைப் பத்திரமாகச் சேமித்தல் போன்றவை விளையாட்டுக்குத் தேவையற்றவை. எழுத்தாளருக்கு அவைதான் எல்லாம். சாயர் இதை அறிந்தவர். அதனால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், வீடாஸ்பிளஸ் என்ற இரண்டு கிளைகளையும் முன்னமே அமைத்துத் தொகுப்பில் வைத்திருக்கிறார். கூடவே ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கையேடுகள், தேடக்கூடிய வடிவில். பழைய வேர்ட்ஸ்டார் கோப்பை இன்றைய வடிவத்துக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவர் செய்த வேலை இது என்பது ஒவ்வொரு கோப்புறையிலும் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது, இணைய உலாவிக்குள் ஓடும் எமுலேட்டர். இன்டர்நெட் ஆர்க்கைவ் பல்லாயிரம் பழைய நிரல்களை இப்படி வைத்திருக்கிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஒரு சொடுக்கு போதும். மாணவர்கள் ஒரு பழைய விளையாட்டையோ விரிதாளையோ பார்த்துவிட்டு வர இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஓர் எழுதுகருவியை இப்படிக் காட்சிக்கு வைத்தால் என்ன ஆகும்? வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல்-டபிள்யூ திரையை ஒரு வரி நகர்த்தும். உலாவியில் அதே கட்டளை அந்தப் பக்கத்தையே மூடிவிடும். எழுதியது போயிற்று. கண்ட்ரோல்-என் அங்கே வரியைப் பிளக்கும். இங்கே புதிய சாளரத்தைத் திறக்கும். தப்பித்து எழுதி முடித்தாலும், உள்ளே சேமித்த கோப்பு பொதுவாகப் பக்கத்தை மூடியதும் மறைந்துவிடும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உழுகலப்பையைப் பார்த்து உழவைக் கற்க முடியாது. இங்கே கண்ணாடி மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

எமுலேட்டர் தராத இன்னொன்றும் உண்டு. அன்றைய பல விசைப்பலகைகளில் கண்ட்ரோல், ‘ஏ’வுக்கு இடப்பக்கத்தில், இன்று கேப்ஸ்லாக் இருக்கும் இடத்தில் இருந்தது. வைர வடிவம் அந்த இடத்தை நம்பி அமைக்கப்பட்டது. இன்றைய விசைப்பலகையில் சுண்டுவிரல் கீழ்மூலைக்கு வளைய வேண்டியிருப்பதால், அரைமணி நேரத்தில் கை வலிக்கிறது. பிறகு வேர்ட்ஸ்டார் மோசமான வடிவமைப்பு என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். கேப்ஸ்லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொண்டு எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லலாம்.

பூட்டுகள்

வேர்ட்ஸ்டார் இவ்வளவு எளிதாகப் பிழைத்ததற்கு ஒரு காரணம், அதன் முதன்மைப் பதிப்புகள் நகல் பூட்டு இல்லாமல் வந்தவை. லோட்டஸ் 1-2-3இன் தொடக்கப் பதிப்புகள் அப்படியல்ல. நிரலை வன்தட்டில் வைத்திருந்தாலும் தொடங்கும்போது மூல வட்டு உள்ளே இருக்க வேண்டும். அந்த வட்டில் சாதாரணமாக நகலெடுக்க முடியாத ஒரு குறி இருக்கும். அதை நிரல் தேடும். எனவே அத்தகைய வட்டை வழக்கமான முறையில் நகலெடுத்தால் கிடைப்பது ஓடாத நகல். ஓடும் நகல் வேண்டுமென்றால் யாராவது பூட்டை உடைத்திருக்க வேண்டும். அதாவது இன்று நாம் ஓடவைக்கும் பூட்டிய மென்பொருள்களில் பல, திருட்டு நகலெடுத்தவர்களின் கைப்பட்ட பாடங்கள். சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்க்கிறவர்கள் இங்கே அதைக் கேட்பதே இல்லை: இது யார் திருத்திய பிரதி? எதை நீக்கினார், எதைச் சேர்த்தார்?

நிறுவனங்களுக்கே இந்த நிலை வந்திருக்கிறது. ‘மேக்ஸ் பெய்ன் 2’ விளையாட்டை ராக்ஸ்டார் நிறுவனம் ஸ்டீம் தளத்தில் விற்றுக்கொண்டிருந்தபோது, அந்த நிரலுக்குள் ‘மித்’ என்ற பூட்டு உடைக்கும் குழுவின் முத்திரை இருப்பதை 2010இல் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். உரிமையாளர் விற்ற பிரதியே திருடர் திருத்திய பிரதி. இதற்கு அடுத்த திருப்பம் 2015இல் வந்தது. சேஃப்டிஸ்க் என்ற நகல் பூட்டு பயன்படுத்திய இயக்கி பாதுகாப்பற்றது என்று விண்டோஸ் 10 அதை ஓடவிடவில்லை. பழைய விண்டோஸ்களிலும் ஒரு புதுப்பிப்பு அதை முடக்கியது. கடையில் காசு கொடுத்து வாங்கிய மூல வட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களின் விளையாட்டுகள் நின்றுபோயின. பூட்டை உடைத்து வைத்திருந்தவர்களின் விளையாட்டுகள் ஓடின.

சட்டம் இதைக் கொஞ்சம்தான் புரிந்துகொண்டிருக்கிறது. வழக்கொழிந்த வடிவத்தில் இருக்கும், மூல வட்டு இல்லாமல் திறக்காத நிரல்களின் பூட்டை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பாதுகாப்புக்காக உடைக்கலாம் என்று அமெரிக்காவில் 2006இல் விலக்கு தரப்பட்டது. ஆனால் காப்பகத்தில் உள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதி கேட்ட கோரிக்கை 2024 அக்டோபரில் மறுக்கப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக நிரலை வைத்திருப்பவர் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது; வட்டே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்ற சொல்லைச் சாயரும் துணைக்கு அழைக்கிறார். அது வழக்காற்றுச் சொல், சட்டச் சொல் அல்ல. நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்புக்கு அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 1992இன் வேர்ட்ஸ்டார் 2087 முடியும்வரை யாருக்கோ சொந்தம். யாருக்கு? மைக்ரோப்ரோ வேர்ட்ஸ்டார் இன்டர்நேஷனல் ஆயிற்று. 1994இல் சாஃப்ட்கீயோடு இணைந்தது. சாஃப்ட்கீ பிறகு தி லேர்னிங் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை 1999இல் பார்பி பொம்மை செய்யும் மாட்டெல் வாங்கி, அடுத்த ஆண்டே கைகழுவியது. உரிமை கேட்டு வர ஆளில்லை என்பதே சாயரின் துணிவு. அந்தத் துணிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பொது நூலகம் அப்படித் துணிய முடியாது.

கோப்பில் எழுதியிருப்பது என்ன மொழி?

இதுவரை பேசியது நிரலைப் பற்றி. எழுதியவை என்ன ஆயின என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

டாஸ் காலத்தில் வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற நிரல்களில் இந்திய மொழிகளைப் பயன்படுத்த ஜிஸ்ட் அட்டை என்று ஒன்று இருந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வு, பிறகு புனேயில் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது. கணினிக்குள் செருகும் ஒரு மின்னணு அட்டை அது. நிரலுக்கு எதுவும் தெரியாது. அது வழக்கம்போல் பைட்டுகளைத் திரைக்கு அனுப்பும். அட்டை அவற்றைத் தமிழாகவோ இந்தியாகவோ வரைந்து காட்டும். பைட்டுகளின் பொருளை இஸ்கி என்ற குறியேற்றம் வரையறுத்தது. 1991இல் இது இந்தியத் தரமானது.

இங்கே இரண்டு சிக்கல்கள். முதலாவது, இஸ்கியில் எல்லா இந்திய மொழிகளின் ‘க’வுக்கும் ஒரே எண், 179. அட்டை தமிழுக்கு அமைக்கப்பட்டிருந்தால் அது தமிழ் ‘க’. தெலுங்குக்கு அமைத்தால் தெலுங்கு ‘க’. எந்த எழுத்து என்று கோப்புக்குள்ளேயே குறிக்க ஒரு வழி தரத்தில் உண்டு. ஆனால் குறிக்காவிட்டால் அட்டையின் அமைப்பே முடிவு செய்யும். அட்டை போய்விட்டால், கோப்பு எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதையே சொற்களை ஊகித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாஸ்பாக்ஸ் வேர்ட்ஸ்டாரைக் குறையில்லாமல் ஓட்டும். ஜிஸ்ட் அட்டையின் வேலையை அது செய்யாது. நிரல் திறக்கும், கோப்பும் திறக்கும். திரையில் கோடுகளும் கட்டங்களும் அயல் குறிகளும் தெரியும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசமானது. வேர்ட்ஸ்டாரின் 3ஆம் வரிசைப் பதிப்புகள், ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால், மீதமிருக்கும் எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொண்டன. சொற்களின் கடைசி எழுத்தில் அந்தப் பிட் ஏற்றப்பட்டிருக்கும். இதனால் பழைய வேர்ட்ஸ்டார் கோப்பை இன்று திறந்தால் சொல்லின் ஈற்றில் விநோதக் குறிகள் வரும். அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து, எல்லா பைட்டுகளிலும் எட்டாவது பிட்டை நீக்கிவிடுவது. ஆங்கிலக் கோப்பு பளிச்சென்று துலங்கும். இஸ்கி எழுத்துகளோ எட்டாவது பிட்டில்தான் வாழ்கின்றன. அதே மருந்தைத் தமிழ்க் கோப்புக்குக் கொடுத்தால் ‘க’ என்பது 3 ஆகிவிடும். ‘ட’ சமக்குறி ஆகிவிடும். ‘அ’ டாலர் குறி ஆகிவிடும். ஏற்கெனவே கோப்பில் இருந்த எண்களும் ஆங்கில எழுத்துகளும் இவற்றோடு கலந்துவிட்டால், எது எண், எது எழுத்து என்று பிரிக்க இயந்திர வழி கிடையாது. சுவடியைச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தையே துடைத்ததற்கு ஒப்பு.

சாயரின் தொகுப்பில் இதற்குத் தீர்வு இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. ஆனால் அந்தத் தொகுப்பைப் பார்த்து, பழைய சொற்செயலிகளின் சிக்கல் தீர்ந்தது என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலக் கோப்புகளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் பழைய அச்சகங்களிலும் பிளாப்பிகள் மிஞ்சியிருக்குமானால், அவற்றுக்கு எமுலேட்டர் இரண்டாம்பட்ச உதவிதான். முதல் உதவி ஒரு துண்டுக் காகிதம்: எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த அட்டை அல்லது எழுத்துரு, எந்த மொழி. கிளார்க் தம் நாவலின் பின்னால் எழுதி வைத்தது இதைத்தான்.

நல்ல செய்தி, இஸ்கி தெரிந்த தரம். ஒருங்குறியில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளின் வரிசையே இஸ்கியின் முந்தைய வடிவத்தைப் பின்பற்றி அமைந்தது. ஆகவே பைட்டுகள் சிதையாமல் இருந்தால், ஒரு மாற்று அட்டவணையைக் கொண்டு தமிழ் ஒருங்குறிக்குக் கொண்டுவருவது கணினி மாணவர் ஒருவர் சில நாட்களில் எழுதக்கூடிய நிரல். அவரவர் தனியாக வடிவமைத்த எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகள் அவ்வளவு எளிதல்ல. அங்கே எழுத்துருக் கோப்பும் கூடவே கிடைக்க வேண்டும்.

பழைய வட்டு ஒன்று கைக்கு வந்தால் வரிசை இதுதான். முதலில் வட்டை எழுதுதடுப்பு நிலையில் வைத்துவிட்டு, யுஎஸ்பி பிளாப்பி கருவி மூன்றரை அங்குல வட்டுக்குத்தான் உதவும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஐந்தே கால் அங்குல வட்டுக்குப் பழைய டிரைவோடு தகுந்த இணைப்பு அட்டை தேட வேண்டும். வட்டு முழுவதையும் ஒரே படிமமாக நகலெடுக்க வேண்டும்; தனித்தனிக் கோப்பாக அல்ல. அந்தப் படிமத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலில்தான் எமுலேட்டரையும் மாற்றுக் கருவிகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உறையின் மீது பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் பிடித்துப் படிமத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் மொழியும் நிரலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.